நம்பிக்கைகளும் உண்மைகளும்: பார் வைத்த சைக்கிளும் கண்ணாடி முதுகு போனும்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் புதுக்கோட்டை கீழ ராஜ வீதியின் போன் கடைகளில் குடும்பம் குடும்பமாக நிற்பார்கள். பிள்ளை ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம், சிங்கப்பூரிலிருந்து வாட்ஸப் காலில் மாமா மூன்றாவது பக்கம். ஐபோன் என்றால் பந்தா, ஆண்ட்ராய்டுதான் உழைக்கிற போன் என்பார் ஒருவர். ஐபோன் எடுத்தால் ஆறேழு வருஷத்துக்குக் கவலையில்லை, மற்றதெல்லாம் டப்பா என்பார் இன்னொருவர். இரண்டு தரப்பும் சொல்வதில் பாதி சரி. மறு பாதி, கம்பெனிகள் விளம்பரத்தில் சொன்னதைச் சொந்த அனுபவம் என்று நினைத்துக்கொண்டது.

நம்பிக்கை: ஐபோன் அந்தஸ்துக்கு, ஆண்ட்ராய்டு காரியத்துக்கு.

அந்தஸ்து இருப்பது உண்மைதான். இந்தியாவில் விற்கும் புதுப் போன்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுதான் ஐபோன். அதனால்தான் கல்யாண மண்டபத்தில் அதை மட்டும் முதுகு தெரியும்படி கவிழ்த்து வைக்கிறார்கள். ஆனால் பந்தாவுக்கு வாங்கிய பொருள் காரியத்துக்கு ஆகாது என்று முடிவு கட்டிவிட முடியாது. 2015-ல் வந்த ஐபோன் 6எஸ், 2021-ல் வெளியான ஐஓஎஸ் 15 வரை பெற்றது. அதே காலத்தில் பத்தாயிரம் ரூபாய்க்குள் விற்ற ஆண்ட்ராய்டு போன்களில் பலவற்றுக்கு ஒரு தடவை புதிய பதிப்பு வந்தாலே பெரிய விஷயம். கூகுள் 2023-ல் பிக்சல் 8-க்கும், சாம்சங் 2024-ல் எஸ்24-க்கும் ஏழு ஆண்டு புதிய பதிப்புகள் தருவதாக அறிவித்த பிறகுதான் ஆண்ட்ராய்டு பக்கம் இந்தக் கணக்கு மாறியது. அதுவும் முதலில் விலை உயர்ந்த போன்களில்.

நமக்கு நெருக்கமான இன்னொரு சோதனை, தமிழ். ஆண்ட்ராய்டின் தொடக்கக் காலப் பதிப்புகள் பலவற்றில் தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். தமிழ் வலைப்பக்கம் படிக்க வேண்டுமென்றால் ஓபரா மினியை இறக்கி, முகவரிப் பட்டையில் ‘ஓபரா:கான்ஃபிக்’ என்று அடித்து, உள்ளே போய் ஒரு அமைப்பை மாற்ற வேண்டும். அப்போதுதான் எழுத்தைப் படமாக மாற்றி அனுப்பும். அந்த நாட்களில் தமிழில் வலைப்பூ படித்தவர்களுக்கு இது மந்திரம் மாதிரி மனப்பாடம். அதே சமயம் ஆப்பிளின் போனில் தமிழ் ஒழுங்காகத் தெரிந்தது. பந்தா போன்தான் அன்றைக்குத் தமிழ் படித்த போன்.

படிக்க முடிந்ததே தவிர, எழுதுவதில் நிலைமை தலைகீழ். மலேசியத் தமிழரான முத்து நெடுமாறனின் செல்லினம் 2005-லேயே சிங்கப்பூரில் கைப்பேசிக்கு வந்துவிட்டது. ஐபோனிலோ, வெளியார் செய்த விசைப்பலகையை மற்ற செயலிகளுக்குள் ஆப்பிள் அனுமதிக்கவில்லை. தனிச் செயலிக்குள் தமிழில் அடித்து, நகலெடுத்து, கொண்டுபோய் ஒட்ட வேண்டும். 2013-ல் ஐஓஎஸ் 7 தமிழ்99, அஞ்சல் விசைப்பலகைகளைத் தானே கொண்டுவந்தது. வெளியார் விசைப்பலகைக்கு வழி விட்டது 2014-ல், ஐஓஎஸ் 8-ல்தான். ஆண்ட்ராய்டில் அந்தத் தடை கிடையாது. யார் வேண்டுமானாலும் விசைப்பலகை செய்யலாம், செய்தார்கள், அதனால் தமிழ் தட்டெழுத்து ஆண்ட்ராய்டில் வேகமாகப் பரவியது.

2015 அக்டோபரில் புதுக்கோட்டையில் கணினித் தமிழ்ச் சங்கத்தார் வலைப்பதிவர் திருவிழா நடத்தினார்கள். ஆசிரியர்களும் இல்லத்தரசிகளும் கையிலிருந்த போனிலேயே தமிழில் எழுதத் தொடங்கியிருந்த காலம் அது. அதற்குச் சில ஆண்டு முன்னால் அப்படி ஒரு கூட்டத்தில் யாராவது ‘எது காரியத்துக்கான போன்?’ என்று கேட்டிருந்தால், படிப்பவருக்கு ஒரு பதிலும் எழுதுபவருக்கு வேறு பதிலும்தான் சொல்லியிருக்க முடியும்.

நம்பிக்கை: ஐபோனைத் தமிழ்நாட்டிலேயே செய்கிறார்கள், இனி விலை குறையும்.

ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் 2019-லிருந்து ஐபோன் பூட்டுகிறார்கள். வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். ஓசூர் பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸும் இருக்கிறது. ஆனால் பூட்டும் கூலி ஒரு போனின் விலையில் சிறு பங்குதான். 2025 செப்டம்பரில் வந்த ஐபோன் 17-க்கு அமெரிக்காவில் 799 டாலர், அன்றைய மதிப்பில் சுமார் 70,300 ரூபாய். அங்கே விற்பனை வரி தனி. அதோடு நம்முடைய 18 சதவீத ஜிஎஸ்டியைச் சேர்த்துப் பாருங்கள். இங்கே விற்ற 82,900 ரூபாய்க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். சொந்த மாநிலத்தில் செய்த பொருள் என்பதற்காகத் தள்ளுபடி எதுவும் அந்தக் கணக்கில் இல்லை.

நம்பிக்கை: கேமரா கண் எத்தனை கூடுதலோ, படம் அத்தனை நன்றாக வரும்.

இருநூறு மெகாபிக்சல் போன், சாதாரணமாக எடுக்கும்போது பதினாறு புள்ளிகளை ஒன்றாக்கி ஏறத்தாழ 12.5 மெகாபிக்சல் படத்தைத்தான் தருகிறது. மலிவான போன்களில் மூன்றாவது, நான்காவது கண்ணாக இருக்கும் 2 மெகாபிக்சல் வில்லை பெரும்பாலும் அலங்காரம். இதைப் பற்றி இதற்கு மேல் பேச எதுவுமில்லை.

நம்பிக்கை: வாட்டர்ப்ரூஃப் போன், கடலுக்குக் கொண்டுபோகலாம்.

கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கம் இருப்பவர்கள் இதைக் கவனித்துப் படிக்க வேண்டும். பெட்டியில் அச்சடித்திருக்கும் ஐபி68 என்பது நன்னீரில், ஆய்வுக்கூடத்தில், புதுப் போனை வைத்து எடுத்த சோதனை. உப்புத் தண்ணீருக்கு அது பேசாது. கீழே விழுந்து ஓரம் விட்ட போனுக்கும், டிஸ்ப்ளே மாற்றிய போனுக்கும் பேசாது. தண்ணீர் புகுந்து கெட்டால் பெரும்பாலான கம்பெனிகளின் வாரண்டியும் கைவிரித்துவிடும். ‘தண்ணீர் தாங்கும்’ என்று ஒரு பக்கம் விளம்பரம், ‘தண்ணீர் புகுந்தால் நாங்கள் பொறுப்பில்லை’ என்று மறுபக்கம் சிறிய எழுத்து. இந்த இரட்டை நாக்குக்காகவே 2020-ல் இத்தாலியில் ஆப்பிளுக்கு ஒரு கோடி யூரோ அபராதம் போட்டார்கள். நீச்சல் குளத்திலும் கடலிலும் கேலக்ஸி போனை வைத்து விளம்பரம் செய்த சாம்சங்குக்கு 2022-ல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் 1.4 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. அந்தத் தண்ணீர் பட்டால் சார்ஜர் துளை துருப்பிடிக்கலாம் என்பதை விளம்பரம் சொல்லாமல் விட்டதுதான் அங்கே வழக்கு.

கடலோரத்தில் புழங்கும் இன்னொரு தவறான எண்ணத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். டவர் இல்லாவிட்டால் ஜிபிஎஸ் வேலை செய்யாது என்பார்கள். ஜிபிஎஸ் செயற்கைக்கோளிலிருந்து வருவது, அதற்கு சிம் கார்டே வேண்டாம். டவர் தேவைப்படுவது வரைபடத்துக்கு. கரையிலேயே வரைபடத்தை இறக்கி வைத்திருந்தால், எட்டாயிரம் ரூபாய்ப் போனும் நடுக்கடலில் நிற்கும் இடத்தைக் காட்டும்.

நம்பிக்கை: பேட்டரியைக் கழற்ற முடியாத போன்தான் உறுதியானது.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரையேறியது. ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் தென்னையும் பலாவும் சாய்ந்த கதை எல்லோருக்கும் தெரியும். மின்கம்பங்கள் சாய்ந்து நாட்கணக்கில் இருட்டில் கிடந்த ஊர்களில், ஜெனரேட்டர் ஓடும் இடம் தேடிப் போனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த இருட்டில் பட்டன் போன் ஒரு சார்ஜில் நான்கைந்து நாள் ஓடியது. அதற்கு மாற்று பேட்டரியும் கிடைக்கும். நோக்கியாவின் பிஎல்-5சி பேட்டரியைப் பெட்டிக்கடை எஃப்எம் ரேடியோவிலும் போடலாம், பெயர் தெரியாத சீனப் போனிலும் போடலாம். அது ஒரு கம்பெனியின் பேட்டரியாகப் பிறந்து ஊர்ப் பொதுச் சொத்தாக மாறிய பண்டம்.

2007-ல் முதல் ஐபோன் பேட்டரியை உள்ளே வைத்து மூடியபோது மற்ற கம்பெனிகள் கிண்டல் செய்தன. 2015-ல் சாம்சங்கும் கேலக்ஸி எஸ்6-ல் மூடியது. ஹெட்போன் துளையிலும் இதே கதை: 2016-ல் ஆப்பிள் எடுத்தது, சாம்சங் சிரித்தது, 2019-ல் நோட் 10-ல் சாம்சங்கும் எடுத்தது. ஆப்பிள் பெட்டியில் சார்ஜர் தராமல் விட்டதற்குச் சாம்சங் சிரித்த சிரிப்பு சில மாதம்தான் நீடித்தது, பிறகு அதுவும் நிறுத்தியது. மூடிய பேட்டரியால் போன் மெலிகிறது, தண்ணீர் உள்ளே புகுவது குறைகிறது என்பதெல்லாம் உண்மை. இரண்டு மூன்று வருஷத்தில் பேட்டரி தளர்ந்ததும் ‘புதுசே வாங்கிடலாமே’ என்று வீட்டில் பேச்சு எழுவதும் அதே அளவு உண்மை. ஐரோப்பிய ஒன்றியம் இதைக் கண்டுகொண்டது. 2027 பிப்ரவரி முதல், சில விலக்குகள் நீங்கலாக, பயன்படுத்துபவரே கழற்றி மாட்டும்படி பேட்டரி இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறது.

நம்பிக்கை: ஆப்பிள்தான் மதில் சுவர், ஆண்ட்ராய்டு திறந்த வெளி.

ஆண்ட்ராய்டின் அடிப்படை நிரலை யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்பது சரி. ஆனால் பிளே ஸ்டோரும் மேப்ஸும் யூடியூபும் இல்லாத ஆண்ட்ராய்டு போனைக் கீழ ராஜ வீதியில் யார் வாங்குவார்? அவை கூகுளின் சொத்து. அவற்றை வேண்டுகிற கம்பெனிகளை மொத்தத் தொகுப்பையும் ஏற்றியாக வேண்டும் என்று கட்டாயப்படுத்தியதாகச் சொல்லி, இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபர் 20 அன்று கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் அந்தத் தொகையை உறுதிசெய்தது.

2024 மார்ச் 1 அன்று நடந்தது இன்னும் கண்கூடானது. சென்னையில் தலைமையகம் வைத்திருக்கும் பாரத் மேட்ரிமோனியின் செயலிகளையும் வேறு சில இந்தியச் செயலிகளையும் கமிஷன் தகராறில் கூகுள் பிளே ஸ்டோரிலிருந்து தூக்கியது. மத்திய அமைச்சகம் தலையிட்டுப் பேசிய பிறகு சில நாட்களில் திரும்ப வந்தன. சுவரே இல்லை என்று நினைத்திருந்த இடத்தில் கதவும், கதவுக்குக் காவலும் இருப்பது அன்றைக்குத் தெரிந்தது. காவலைச் சுற்றிப் போக ஆண்ட்ராய்டில் இன்னொரு வழி உண்டு என்பதும் நியாயத்துக்குச் சொல்ல வேண்டியது: ஏபிகே கோப்பை நேரடியாக இறக்கலாம். இந்தியாவில் விற்கும் ஐபோனில் அந்த வழி கிடையாது.

அந்த வழியில் வருவதெல்லாம் நல்லதா? ‘கல்யாணப் பத்திரிகை’, ‘ஆர்டிஓ அபராத ரசீது’, ‘பிஎம் கிசான்’ என்ற பெயர்களில் வாட்ஸப்பில் வருகிற ஏபிகே-யைத் தொட்டுப் பணத்தை இழந்தவர்கள் ஏராளம். சைபர் குற்றப் பிரிவு ஓயாமல் எச்சரிக்கிறது, புகாருக்கு 1930 என்ற எண்ணும் இருக்கிறது. வயதான பெற்றோருக்குப் போன் வாங்கித் தரும்போது, மதில் சுவர் உள்ள வீடு சிலருக்கு உண்மையாகவே பாதுகாப்பு. சுவரைப் பழிப்பவர்கள் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

நம்பிக்கை: மூடிய அமைப்பு என்பது பணக்காரர் கவலை.

2017-ல் 1,500 ரூபாய் முன்பணத்துக்கு வந்த ஜியோபோன் நினைவிருக்கிறதா? கட்டடத் தொழிலாளியின் சட்டைப் பையிலும் ஆடு மேய்ப்பவர் மடியிலும் இருந்தது. அதில் வேறு கம்பெனியின் சிம் வேலை செய்யாது. என்ன செயலி வர வேண்டும் என்பதும் வாங்கியவர் கையில் இல்லை. வாட்ஸப்பே அடுத்த ஆண்டு செப்டம்பரில்தான் வந்தது, பின்னாளில் அதே வாட்ஸப் அந்த வகைப் போன்களைக் கைவிட்டது. ஐபோனைவிட இறுக்கமான பூட்டு, ஐம்பதில் ஒரு பங்கு விலையில்.

அமெரிக்காவில் மூடிய அமைப்பு என்றால் குறுஞ்செய்தியின் நிறம். ஐபோனுக்கு ஐபோன் நீலம், மற்றவருக்குப் பச்சை. பள்ளிக்கூடத்தில் பச்சைக்காரப் பிள்ளை ஒதுக்கப்படுகிறது என்பது வரை அங்கே பேச்சு. அம்மாவுக்கு அனுப்பும் வீடியோ சரியாகப் போகவில்லை என்று 2022-ல் ஒரு மாநாட்டில் ஒருவர் முறையிட்டபோது, அம்மாவுக்கு ஒரு ஐபோன் வாங்கிக் கொடுங்கள் என்றார் ஆப்பிள் தலைவர் டிம் குக். அறந்தாங்கி அம்மாவுக்கு அந்தச் சிக்கல் இல்லை, அவர் எந்தப் போனிலும் வாட்ஸப்பில்தான் இருக்கிறார். புதுக்கோட்டை சமஸ்தானம் தனக்கென்று அம்மன் காசு அடித்த காலத்திலும் பிரிட்டிஷ் ரூபாய் இங்கே கூடவே செல்லுபடியானது. போன் எதுவானாலும் நமக்கு அந்தப் பொது ரூபாய் வாட்ஸப்தான். ஆனால் அந்த ரூபாயும் ஒரு தனி கம்பெனியின் அச்சு. ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்குப் பழைய செய்திகளை முறையாக எடுத்துப்போகும் வழியையே 2022-ல்தான் திறந்தார்கள். இறந்துபோன அப்பாவின் குரல் பதிவுகளைப் போன் மாற்றியபோது தொலைத்தவர்களுக்கு இது பணக்காரர் கவலையாகத் தெரியாது.

நம்பிக்கை: யாருக்கு எந்தப் போன் பொருந்தும் என்பது செய்தவருக்கும் விற்பவருக்கும் தெரியும்.

இதற்குப் புதுக்கோட்டை மாவட்டமே பதில் சொல்லிவிட்டது, முப்பது வருஷத்துக்கும் முன்னால், போனுக்கு முந்தைய ஒரு பொருளை வைத்து. 1991-ல் அறிவொளி இயக்கம் நடந்தபோது ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டக் கற்பதையும் சேர்த்தார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஏறினார்கள் என்று இங்கே வந்து பார்த்து எழுதினார் பத்திரிகையாளர் பி. சாய்நாத். விவசாயக் கூலிகள், கல்குவாரித் தொழிலாளிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள், கிராம செவிலியர்கள் என்று எல்லோரும்.

லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தது. பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளை எடுத்தார்கள். கிடைக்காததால் எடுத்தது என்று மட்டும் நினைக்க வேண்டாம். சிலர் அதையே விரும்பினார்கள் என்று சாய்நாத் எழுதுகிறார். காரணம், சீட்டிலிருந்து ஹேண்டில்பார் வரை போகும் அந்த பார். அதில் பிள்ளையை உட்கார வைக்கலாம். பாவாடைக்கும் புடவைக்கும் தோதாக, பார்ப்பதற்கு அடக்கமாக இருக்கட்டும் என்று பெண்களுக்கான சைக்கிளிலிருந்து எந்தக் கம்பியை நீக்கினார்களோ, அந்தக் கம்பிதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. அதை எந்த சைக்கிள் கம்பெனியும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

இன்றைக்கும் வீட்டில் பையனுக்குப் புதுப் போன், அவன் கழித்த போன் அம்மாவுக்கு. அம்மாவுக்கு என்ன பெரிய வேலை என்ற நினைப்பு. அந்த அம்மா நூறு நாள் வேலையின் பணித்தளப் பொறுப்பாளராக இருந்திருந்தால் கதை வேறு. 2023 ஜனவரி முதல், தனிநபர் பணிகள் நீங்கலாக, எல்லாப் பணித்தளத்திலும் வருகைப்பதிவு செயலி வழியாகத்தான் என்றாயிற்று. தினமும் இரண்டு தடவை, வெட்டவெளியில், இடக்குறிப்போடு தொழிலாளர்களைப் படம் எடுத்து ஏற்ற வேண்டியிருந்தது. படம் ஏறாவிட்டால் கூலியில் சிக்கல். உச்சி வெயிலில் திரை தெரிய வேண்டும், ஒரு புள்ளி சிக்னலிலும் படம் போக வேண்டும், சாயங்காலம் வரை சார்ஜ் நிற்க வேண்டும். வீட்டிலேயே நல்ல போன் யாருக்கு வேண்டும் என்று இப்போது சொல்லுங்கள்.

நம்பிக்கை: உள்ளூர்க் கடையில் திரை மாற்றினால் ஐபோன் கெட்டுவிடும்.

கெடுவது கடைக்காரரின் கையால் என்று பலர் நினைக்கிறார்கள். ஐபோனின் பாகங்களுக்கும் அதன் மூளைக்கும் இடையே கம்பெனி போட்ட முடிச்சு இருக்கிறது. பேட்டரி, திரை, கேமரா என்று ஒவ்வொன்றாக 2018 முதல் வந்த போன்களில் இது ஏறியது. 2024-ல் ஆப்பிள் சற்றுத் தளர்த்தும் வரை, வேறொரு ஐபோனிலிருந்து கழற்றிய ஒரிஜினல் பாகத்தையே மாட்டினாலும் ‘அடையாளம் தெரியாத பாகம்’ என்று போன் சொன்னது, சில வசதிகள் முடங்கின. இப்படி முடிச்சுப் போடுவதை அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2024-ல் சட்டம் போட்டுத் தடுத்தது. இந்தியாவில் பழுது பார்க்கும் உரிமைக்கென்று 2022 டிசம்பரில் நுகர்வோர் விவகாரத் துறை ஒரு இணையதளம் திறந்ததோடு சரி, முடிச்சை அவிழ்க்கச் சட்டம் இல்லை. ஆகவே ஐபோன் வாங்குமுன் மைக்ரோஸ்கோப் வைத்து வேலை செய்யும் நம் ஊர்த் தம்பியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: ‘இந்த மாடலில் டிஸ்ப்ளே போனால் என்ன ஆகும்?’ விற்கும் கடையில் கிடைக்காத பதில் அங்கே கிடைக்கும்.

நம்பிக்கை: வெளிநாட்டுச் சரக்கு உசத்தி.

மணமேல்குடியிலும் பொன்னமராவதியிலும் வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஆள் வரும்போது போன் வருவது பழைய வழக்கம். இதில் புதிதாக ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. ஐபோன் 14-லிருந்து அமெரிக்காவில் விற்கும் ஐபோனில் சிம் போடும் தட்டே கிடையாது, இசிம் மட்டும்தான். ஐபோன் 17 வந்ததும் சவுதி, அமீரகம், கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன் ஆகிய நாடுகளும் அந்த வரிசையில் சேர்ந்தன. துபாயிலிருந்து அண்ணன் ஆசையாகக் கொண்டுவந்த போனில் உங்கள் சிம்மைச் செருக இடமிருக்காது. இசிம்முக்கு மாற்ற முடியும், ஆனால் அதன் பிறகு அந்த எண்ணை நிமிஷத்தில் கழற்றிப் பட்டன் போனில் போட முடியாது. வாங்கச் சொல்லுமுன் எந்த நாட்டு மாடல் என்று கேட்டுக்கொள்வது நல்லது. சிங்கப்பூரில் விற்கும் ஐபோன் 17-ல் தட்டு இருக்கிறது.